உளநல மருந்து எடுப்பதை ஊர் டொக்டரிடம் மறைக்கலாமா?

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 61 வயது. இருமுனை உளநோய், அதாவது பைபோலர் என்று கண்டுபிடித்து 14 வருடமாக, மனநிலையை ஏற்ற இறக்கமில்லாமல் வைத்திருக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுக்கிறார்: இரவில் 250 மில்லிகிராம் குளிசை மூன்று. மாதம் ஒருமுறை பஸ் ஏறி யாழ்ப்பாண நகரத்தில் உள்ள உளநல கிளினிக்குக்குப் போய்வருகிறார்கள். இத்தனை வருடத்தில் வருத்தம் ஒரே ஒருமுறைதான் திரும்பியிருக்கிறது. பிரஷருக்கும் முழங்கால் நோவுக்கும் ஊரில் உள்ள தனியார் டொக்டரிடம் காட்டுகிறார்கள். அவரிடம் லித்தியத்தைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. காரணத்தை வாசகியே எழுதுகிறார்: "தங்கைச்சிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். டிஸ்பென்சரியில மருந்து குடுக்கிற பிள்ளை எங்கட ஒழுங்கைதான்."

சில கிழமைகளுக்கு முன் பிரஷர் கூடியது. டொக்டர் லொசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் சேர்ந்த குளிசை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மா குறைக்கவில்லை, ஒரேயடியாக விட்டுவிட்டார். முழங்காலுக்கு டைக்குளோபினாக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கந்தசஷ்டி விரதம் வந்தது. நாலாம் நாள் கை நடுங்கித் தேத்தண்ணிக் கோப்பை தழும்பியது. பிறகு சத்தி, வயிற்றோட்டம். காஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்து அதற்கு மருந்து எடுத்தார்கள். அடுத்த நாள் நாக்குக் குழறி, நடை தள்ளாடியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். இரத்தத்தில் லித்தியம் 1.9; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தது. எட்டு நாள் விடுதியில் இருந்து வீடு திரும்பியிருக்கிறார். இப்போது லித்தியம் இரவில் இரண்டு குளிசை, பிரஷருக்கு அம்லோடிபைன்.

வாசகியின் கேள்விகள் மூன்று. இந்த லித்தியத்தையே நிறுத்திவிடலாமா? நகரத்துக்கு அலையாமல் எல்லாவற்றையும் ஊரிலேயே காட்ட முடியாதா? ஊர் டொக்டரிடம் சொன்னால் விஷயம் வெளியே போகாதா?

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா எழும்பி நடமாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. நாக்குக் குழறியதைக் கண்டதும் விடியட்டும் என்று இருக்காமல் கொண்டுபோனீர்கள். அது பெரிய சேதத்தைத் தடுத்திருக்கும். கடிதம் முழுவதும் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள். பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் விழுவதற்கு நியாயமில்லை. அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்ன நடந்தது

லித்தியம் ஓர் உப்பு. உடம்பு அதை உடைப்பதில்லை, சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. உடம்பில் சோடியமோ தண்ணீரோ குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சி எடுக்கப் பார்க்கும். அப்போது லித்தியத்தையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். உப்பை விட்டது ஒரு காரணம். தண்ணீர் குறைந்த விரதம் இரண்டாவது. ஹைட்ரோகுளோரோதயசைட் சிறுநீரோடு சோடியத்தை வெளியேற்றும் மருந்து. இது மட்டுமே லித்தியத்தின் அளவை 25 முதல் 40 சதவீதம் வரை கூட்டக்கூடும். லொசார்ட்டனும் கூட்டும். டைக்குளோபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துத் தன் பங்குக்குக் கூட்டும். லொசார்ட்டன் வகை, நீர் போக்கும் மருந்து, டைக்குளோபினாக் வகை நோக் குளிசை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால், லித்தியமே எடுக்காதவருக்குக்கூடச் சிறுநீரகம் அடிபடலாம். உங்கள் அம்மாவுக்கு இவை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

லித்தியத்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகவும் ஒடுக்கம். பெரும்பாலானோருக்கு லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்போம். வயதானவர்களுக்கு அதிலும் குறைவாக வைப்பதுண்டு. 1.5 ஐத் தாண்டினால் ஆபத்து. நெடுநாள் எடுப்பவர்களில் அதற்குக் கீழேயே நஞ்சின் அறிகுறிகள் தெரிவதும் உண்டு.

பொறுப்புக்கு வருகிறேன். நீங்கள் மறைத்தீர்கள், உண்மை. ஊர் டொக்டர் கொடுத்த மருந்துகளோ, தனித்தனியே பார்த்தால், லித்தியம் எடுக்காத ஒருவருக்கு வழமையாகக் கொடுப்பவை; மூன்றையும் சேர்த்ததில் கவனம் வேண்டியிருந்தது. "வேறு என்ன குளிசை எடுக்கிறா?" என்று அவரும் கேட்டிருக்க வேண்டும். உளநல கிளினிக்கில் லித்தியம் அளவு கடைசியாகப் பார்த்தது ஒன்றரை வருடத்துக்கு முன் என்கிறீர்கள். அது நீண்ட இடைவெளி. நிலையாக இருப்பவருக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம், கிரியாட்டினின், தைரொய்டு, கல்சியம் பார்க்க வேண்டும். 60 தாண்டியவருக்கும் பிரஷர் மருந்து எடுப்பவருக்கும் லித்தியத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.

கடிதத்தில் ஓரிடத்தில் "பெரிய ஆஸ்பத்திரியும் ஊர் டொக்டரும் தங்களுக்குள்ள அறிவிப்பினம் எண்டு நினைச்சம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மவர்களில் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. கிளினிக் கொப்பி உங்கள் கையில் இருக்கிறது. அதன் பிரதி ஊர் டொக்டருக்குத் தானாகப் போவதில்லை. தனியாரிடம் எடுக்கும் மருந்து அரச கிளினிக்கின் பதிவில் ஏறுவதும் இல்லை. வேறு நாடுகளில் இந்த இடைவெளியை நிரப்பவென்றே ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வுள்ள 1801 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002 இல் வெளியானது. பாதிப்பேருக்குக் குடும்ப வைத்தியரின் கிளினிக்கிலேயே ஓர் இணைப்பாளரை அமர்த்தி, அவருக்குப் பின்னால் ஓர் உளநல வைத்திய நிபுணரை நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 45 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. வழமையான கவனிப்பில் இருந்தவர்களில் 19 சதவீதத்தினருக்குத்தான் அப்படிக் குறைந்தது. மருந்துகள் இரு பக்கத்துக்கும் கிடைக்கக்கூடியவைதான்; ஆனால் இணைப்பாளர் இருந்த பக்கத்தில் சிகிச்சை எடுத்தவர்கள் அதிகம். வித்தியாசத்தில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் போன் எடுத்து விசாரித்ததும், முன்னேற்றம் இல்லையென்றால் உடனே மற்றவருக்குச் சொன்னதும். நம் பக்கத்தில் அந்த வேலை பெரும்பாலும் மூத்த மகளின் தலையில் விழுகிறது, சம்பளமில்லாமல்.

லித்தியத்தை நிறுத்தலாமா

நீங்களாக நிறுத்த வேண்டாம். 14 வருடத்தில் ஒரே ஒருமுறைதான் வருத்தம் திரும்பியது என்றால், இந்த மருந்து அம்மாவுக்கு நன்றாக வேலை செய்கிறது. திடீரென்று விட்டால் அடுத்த சில மாதங்களில் வருத்தம், முக்கியமாக மேனியா எனப்படும் அளவு மீறிய உற்சாக நிலை, திரும்பும் வாய்ப்புக் கூடும். தற்கொலை ஆபத்தைக் குறைக்கும் குணமும் லித்தியத்துக்கு உண்டு. அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சிறுநீரகம் பழைய நிலைக்கு வராவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவதைப் பற்றி நிபுணர் யோசிப்பார். அப்போதும் குறைந்தது நாலு கிழமை, முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

இப்போது முக்கியம் அடுத்த இரத்தப் பரிசோதனை. அளவு மாற்றிய பிறகு ஐந்து முதல் ஏழு நாளில் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கவில்லை என்றால் கிளினிக் திகதி வரும்வரை இருக்காதீர்கள், இந்தக் கிழமையே போங்கள். கடைசிக் குளிசை எடுத்து 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுப்பதுதான் முறை. இரவு 9 மணிக்குக் குளிசை என்றால், காலை 9 மணிக்கு இரத்தம். நேரம் பிந்தினாலோ முந்தினாலோ இலக்கத்துக்கு அர்த்தமில்லை. ஆகவே இரண்டு நேரங்களையும் துண்டில் எழுதிக் கொடுங்கள். தனியார் ஆய்வுகூடத்தில் செய்தால், இது லித்தியப் பரிசோதனை என்று இரத்தம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் இட்ட குழாய் ஒன்று உண்டு. அதில் எடுத்தால் இல்லாத லித்தியமும் காட்டும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழமையாக வீட்டில் போடும் உப்பை ஒரே அளவாக வைத்திருங்கள். பிரஷருக்காகக் குறைக்க வேண்டும் என்றால், கிளினிக்கில் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, லித்தியமும் பார்க்க வேண்டும். விரதத்தில் அம்மாவுக்கு எவ்வளவு பிடிப்பு என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். தண்ணீர் விடாத விரதமாக, பால் பழத்தோடு பிடிக்கட்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெயிலில் நெடுநேரம் நின்று வியர்க்கும் நாட்களிலும் இதே கவனம் வேண்டும்.

எங்கே காட்டுவது

முன்னால் உள்ள வழிகள் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரிக்கே மாற்றுவது முதல் வழி. எல்லாக் கொப்பியும் ஓரிடத்தில் இருக்கும். ஆனால் உளநல கிளினிக் ஒரு நாள், மெடிக்கல் கிளினிக் இன்னொரு நாள், முழங்காலுக்கு வேறொரு நாள் என்று அலைச்சல் கூடும். இரவில் காய்ச்சல் வந்தால் எப்படியும் ஊர் டொக்டரிடம்தான் போவீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது என்ற பழைய பிரச்சினை அப்படியே இருக்கும். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை.

இரண்டாவது, உளநல கிளினிக்கை விட்டுவிட்டு லித்தியத்தையும் ஊர் டொக்டரிடமே எடுப்பது. நஞ்சேறி இன்னும் ஒரு மாதம் ஆகாத நிலையில் இது கூடவே கூடாது. ஒரு வருடம் அளவு நிலையாக இருந்தால், இடைப்பட்ட மாதங்களில் ஊரில் மருந்து எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிபுணரிடம் போவது பற்றிக் கேட்கலாம்.

மூன்றாவது வழியைத்தான் சிபாரிசு செய்வேன். லித்தியத்தின் பொறுப்பு உளநலப் பக்கத்திடம் இருக்கட்டும். பிரஷரும் முழங்காலும் ஊர் டொக்டரிடம் இருக்கட்டும். ஆனால் ஒருவர் கொடுக்கும் ஒவ்வொரு குளிசையும் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அலைச்சலைக் குறைக்கவும் இடமுண்டு. உளநல கிளினிக் நகரத்தில் மட்டும் நடப்பதில்லை. ஆதார வைத்தியசாலைகளிலும் உளநல வைத்திய அதிகாரிகள் இருக்கிறார்கள்; அவர்கள் மாதத்தில் சில நாள் பிரதேச வைத்தியசாலைகளுக்குப் போய்க் கிளினிக் நடத்துவதும் உண்டு. "எங்கட வீட்டுக்குக் கிட்ட எங்க கிளினிக் இருக்கு, அங்க மாற்றிக் கடிதம் தருவீங்களா?" என்று இப்போது போகும் கிளினிக்கில் கேளுங்கள். கடிதம் இல்லாமல் மாறினால் 14 வருட வரலாறும் கொப்பியோடு நின்றுவிடும்.

ஊர் டொக்டருக்குச் சொல்வதில் இன்னொரு பயன் உண்டு, நீங்கள் அதை யோசித்திருக்கமாட்டீர்கள். உடம்பு உளைவு, நித்திரையில்லை, மனம் சரியில்லை என்று போகிறவர்களுக்கு அமிட்ரிப்டிலின், ஃபுளுவொக்சிட்டீன் போன்ற மனச்சோர்வு மருந்தை எழுதுவது வழக்கம். இருமுனை நோய் உள்ளவருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடக்கூடும். தெரிந்திருந்தால் எழுதமாட்டார்.

"சொன்னால் பிறகு அம்மா என்ன நோ சொன்னாலும் மனசு வருத்தம் எண்டுதான் பாப்பினம்" என்ற உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. அது நடக்கிறது. கடுமையான உளநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தியே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இருதயம், சீனி வருத்தம் போன்ற சாதாரண நோய்களால்தான். அவர்கள் சொல்லும் உடல் நோவைக் காதில் வாங்காமல் விடுவதும் அதற்கு ஒரு காரணம். இதைச் சமாளிக்க ஒரு வழி: நோவைச் சொல்லும்போது இலக்கத்தோடு சொல்லுங்கள். "ஒரே களைப்பு" என்பதைவிட, "மூன்று கிழமையாக, படி ஏறினால் மூச்சு வாங்குது, நிறை நாலு கிலோ குறைஞ்சிட்டுது" என்றால் எந்த வைத்தியரும் பரிசோதிக்காமல் அனுப்பமாட்டார். லித்தியம் எடுப்பவருக்குக் களைப்பும் நிறை ஏறுவதும் தைரொய்டு குறைந்ததால்கூட வரலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஒரு தாள்

நாளைக்கே செய்யக்கூடிய வேலை இது. ஒரு தாளின் ஒரு பக்கத்தில், மருந்துப் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில், கீழே உள்ளவற்றை எழுதுங்கள்.

- அம்மாவின் பெயர், வயது, நிறை, கிளினிக் இலக்கம்.
- நோய்கள்: இருமுனை நோய், பிரஷர், முழங்கால் தேய்வு. கூடவே, லித்தியம் நஞ்சேறி விடுதியில் இருந்த மாதம்.
- எடுக்கும் ஒவ்வொரு மருந்தும், மில்லிகிராமோடும் நேரத்தோடும்.
- கடைசி லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைரொய்டு முடிவு, திகதியோடு.
- சிவப்பு மையில்: "லித்தியம் எடுக்கிறார். டைக்குளோபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற நோக் குளிசைகள், ஹைட்ரோகுளோரோதயசைட், லொசார்ட்டன், எனலாப்ரில் ஆகியவற்றை உளநல கிளினிக்கைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்."

தாளை உளநல கிளினிக்கில் காட்டிச் சரிபார்த்து, கையொப்பம் கேளுங்கள். பிறகு மூன்று பிரதி: கிளினிக் கொப்பிக்குள் ஒன்று, ஊர் டொக்டருக்கு ஒன்று, அம்மாவின் பணப்பைக்குள் ஒன்று. மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுங்கள். தாளே இல்லாததைவிடப் பழைய தாள் மோசம்.

தாளில் மருந்து எழுதும்போது ஓரிடத்தில் சிக்குவீர்கள். தனியார் டிஸ்பென்சரிகளில் குளிசையைச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே நேரத்துக்குக் கோடு மட்டும் கீறித் தருவார்கள். மருந்தின் பெயர் இருக்காது. பெயரையும் மில்லிகிராமையும் உறையில் எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, நல்ல டொக்டர் கோபிக்கவும்மாட்டார். பார்மசியில் துண்டில்லாமல் "நோவுக்கு இரண்டு தாங்கோ" என்று வாங்குவதை அம்மா நிறுத்த வேண்டும்; கிடைப்பது அநேகமாக டைக்குளோபினாக்காக இருக்கும். முழங்காலுக்குப் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. நிறை 50 கிலோவுக்குக் குறைவு என்றால் அளவைக் கேட்டுக் குறைக்க வேண்டும். பூசும் களிம்பிலிருந்து உடம்புக்குள் போவது மிகக் கொஞ்சம், ஆனாலும் சொல்லிவிட்டுப் பாவியுங்கள். நாட்டு மருந்து எடுத்தால் அதையும் தாளில் எழுதுங்கள். பழைய பிரஷர் குளிசை அலுமாரியில் மிச்சம் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

இரகசியமும் தங்கையின் சம்பந்தமும்

நோயாளியின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக்கூடாது என்பது வைத்தியரின் தொழில் ஒழுக்கம். மீறினால் இலங்கை மருத்துவ சபைக்கு முறையிடலாம். ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்பது போன்ற அரிய சந்தர்ப்பங்கள் மட்டும் விலக்கு. ஆனால் உங்கள் பயம் டொக்டரைப் பற்றியது இல்லை, மருந்து கொடுக்கும் பிள்ளையைப் பற்றியது. ஆகவே வேலை நேரத்தில் நெரிசலுக்குள் சொல்ல வேண்டாம். டொக்டரிடம் நேரம் கேட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாளை அவர் கையிலேயே கொடுங்கள். "இதை உங்களோட மட்டும் வச்சிருங்கோ, கார்டில நோயின்ர பெயரை எழுதாமல் 'லித்தியம் எடுக்கிறா' எண்டு மட்டும் எழுதுங்கோ" என்று கேட்கலாம். மருந்து மோதாமல் பார்க்க அந்த ஒரு வரியே போதும். ஒத்துக்கொள்ளாத டொக்டர் என்றால், அடுத்த ஊரில் வேறொருவரைத் தேடுவதில் தப்பில்லை.

ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். இவ்வளவும் எழுதிய கடிதத்தில், யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்று அம்மா என்ன நினைக்கிறார் என்பதே இல்லை. வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, தெளிவாக யோசிக்கிறார், நோயும் அவருடையது. முடிவும் அவருடையதாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

தங்கையைப் பற்றி: பெற்றோர் ஒருவருக்கு இருமுனை நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பொதுவாக 5 முதல் 10 சதவீதம். மற்றவர்களைவிடக் கூடத்தான், ஆனால் பத்தில் ஒன்பது பேருக்காவது அது வருவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பது தங்கையும் அம்மாவும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. டொக்டரிடம் சொல்வதை அதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

எப்போது உடனே போக வேண்டும்

கை மெல்லிதாக நடுங்குவது லித்தியத்தில் வழமை. கோப்பை தழும்பும் அளவுக்கு நடுங்குவது, சத்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், நாக்குக் குழறல், மந்தமாக நித்திரை தூங்குவது ஆகியவை வழமை இல்லை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றிரவுக் குளிசையைக் கொடுக்காமல் கிட்டிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வாசலிலேயே "லித்தியம் எடுக்கிறா" என்று சொல்லுங்கள், தாளைக் கொடுங்கள். காய்ச்சலிலோ வயிற்றோட்டத்திலோ சாப்பாடு தண்ணீர் இறங்காத நாட்களிலும் இதேதான்: குளிசையை நிறுத்தி, அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள். எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர் சொல்வார்.

மறுபக்கமும் பாருங்கள். லித்தியத்தைக் குறைத்திருப்பதால் வருத்தம் தலைகாட்டலாம். இரண்டு இரவு தொடர்ந்து மூன்று நாலு மணித்தியாலம் மட்டும் நித்திரை கொண்டும் களைப்பே இல்லாமல் எழும்பினால், பேச்சு வேகமெடுத்தால், கையில் காசு நில்லாமல் செலவழிந்தால், திகதி பார்க்காமல் உளநல கிளினிக்குக்குப் போங்கள். இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது.

அடுத்த கிளினிக் நாளில், மருந்துத் துண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல் இரண்டு விஷயம் கேட்டு வாருங்கள்: அம்மாவுக்கு இனி எந்த அளவில் லித்தியத்தை வைத்திருக்கப் போகிறார்கள் என்ற இலக்கம், அடுத்த இரத்தப் பரிசோதனையின் திகதி. இரண்டையும் தாளில் எழுதிய பிறகு ஊர் டொக்டரிடம் போனால் போதும்.